கோவிலுக்கு வர மறுக்கும் பிள்ளை

திருகோணமலை உப்புவெளியிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். அவருடைய தங்கை மத்திய கிழக்கில் வேலை செய்கிறார். தங்கையின் 14 வயது மகளை, தெரிந்த ஆள் ஒருவர் "படிக்கவும் வைப்பார்கள்" என்று சொல்லிக் கொழும்பில் ஒரு வீட்டு வேலைக்குக் கொண்டுபோய் விட்டிருக்கிறார். சம்பளமும் இல்லை, வெளியே விடவும் இல்லை, அடியும் பட்டிருக்கிறாள். மீட்கப்பட்டபின் நீதிமன்றம் பிள்ளையைப் பெரியம்மாவான இவரிடம் ஒப்படைத்திருக்கிறது. வழக்கு நடக்கிறது. "பத்திரகாளி அம்மன் கோவிலுக்குக் கூப்பிட்டால் வரமாட்டேன் என்கிறாள். இரவில் அலறி எழும்புகிறாள். அம்மம்மா, பிடித்த தீங்கு விலகச் சடங்கு செய்து கழிப்புக் கழிக்கச் சொல்கிறார். பக்கத்து வீட்டு அக்கா, ஜெபக் கூட்டத்தில் வந்து சாட்சி சொன்னால் விடுதலை கிடைக்கும் என்கிறார். சமய அமைப்பு ஒன்று தங்கள் இல்லத்தில் சேர்க்கக் கேட்கிறது. என்ன செய்வது?" என்பது அவர் கேள்வி.

இறைநம்பிக்கை இந்தப் பிள்ளைக்குக் கைகொடுக்கும், அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் எப்போது, எவ்வளவு என்பதை அவள்தான் தீர்மானிக்க வேண்டும். எப்போது தூங்குவது, யாரோடு பேசுவது என்பதைக்கூட மற்றவர்கள் முடிவுசெய்த வீட்டிலிருந்து வந்தவள் அவள். நீங்கள் அன்போடு கையைப் பிடித்து இழுத்தாலும் அவளுக்கு அது பழைய இழுப்பாகத்தான் படும்.

கோவில் ஏன் பிடிக்கவில்லை என்று துருவிக் கேட்காதீர்கள். கூட்டம், மேளச் சத்தம், பின்னால் யாரோ இடித்துக்கொண்டு நிற்பது, இவையே போதும் நெஞ்சு படபடக்க. ஆசீர்வதிக்கப் பெரியவர் ஒருவர் கையைத் தூக்கியதும் தோளை ஒடுக்கி, கண்ணை இறுக்கி மூடிக்கொள்கிற பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். வீட்டில் விளக்கேற்றும்போது திருநீற்றுத் தட்டை அவள் பக்கம் வையுங்கள், நீங்கள் பூசிவிட வேண்டாம். அவளாக எடுத்துப் பூசினால் சரி, இல்லையென்றால் விட்டுவிடுங்கள். ஒருநாள் அவளே கோவிலுக்குக் கேட்டால், சனம் குறைந்த காலை நேரமாகப் பார்த்துக் கூட்டிப் போங்கள். பாதியில் திரும்பிவிடலாம் என்று புறப்படும்போதே சொல்லிவிடுங்கள்.

கழிப்பு அம்மம்மாவின் மன ஆறுதலுக்காக என்றால் நான் தடுக்கமாட்டேன். கிண்ணியா, மூதூர்ப் பக்கம் தண்ணீர் ஓதிக் கொடுப்பார்கள், அதுவும் அப்படித்தான். பிள்ளை சம்மதிக்க வேண்டும். அடியோ புகையோ பட்டினியோ இருக்கக் கூடாது. ஆனால் தோஷம், முற்பிறப்பு வினை என்ற பேச்சு அவள் காதில் விழவே கூடாது. இப்படி மீண்டு வரும் பிள்ளைகளில் பலர் "நான்தானே சரியென்று போனேன்" என்று உள்ளுக்குள் தங்களையே குற்றம் சாட்டிக்கொண்டிருப்பார்கள். இதற்குச் சட்டமே பதில் வைத்திருக்கிறது. 2006இல் திருத்தப்பட்ட தண்டனைச் சட்டக்கோவையின் 360சி பிரிவுப்படி, கட்டாய வேலைக்காகப் பிள்ளையைக் கொண்டுபோனால் பிள்ளை சம்மதித்தாலும் சம்மதிக்காவிட்டாலும் அது ஆட்கடத்தல்தான். இதை அவளுக்கு எளிய சொல்லில், ஒருமுறையல்ல, பலமுறை சொல்லுங்கள். "மன்னித்துவிடு, சாமி பார்த்துக்கொள்ளும்" என்று யாரும் அவசரப்படுத்தவும் வேண்டாம். கோபப்பட அவளுக்கு எல்லா உரிமையும் இருக்கிறது.

ஜெபக் கூட்டத்தில் நடந்ததைச் சொல்லிச் சாட்சி கொடுப்பது மட்டும் வேண்டவே வேண்டாம். அந்த அக்கா நல்ல மனத்தோடுதான் கேட்கிறார், மரியாதையாகவே மறுத்துவிடுங்கள். நூறு பேர் முன்னால் அதைச் சொல்லும்போது பிள்ளை அந்த வீட்டுக்கே திரும்பிப் போய்விடுகிறாள். யாராவது தொலைபேசியில் பதிவுசெய்து முகநூலில் போட்டால் பிறகு அழிக்க முடியாது. இன்னொன்று, வழக்கு நடக்கிறது. கூட்டத்தில் சொன்னதற்கும் பொலிஸில் சொன்னதற்கும் சிறு வித்தியாசம் இருந்தால்கூட எதிர்த்தரப்பு சட்டத்தரணி அதைப் பிடித்துக்கொள்வார். ஜெபிக்க விரும்புகிறவர்கள் பெயரோ கதையோ சொல்லாமல், தங்கள் வீட்டிலேயே ஜெபிக்கட்டும்.

இல்லத்தைப் பற்றி என் கருத்து: நீங்கள் பார்த்துக்கொள்ள முடிகிறவரை அவள் உங்களிடமே இருக்கட்டும். எப்படியும் நீதிமன்றத்துக்கும் நன்னடத்தை உத்தியோகத்தருக்கும் தெரியாமல் பிள்ளையை வேறிடத்துக்கு மாற்றக் கூடாது. பிறகு தேவைப்பட்டால், அந்த இல்லம் கிழக்கு மாகாண நன்னடத்தை, சிறுவர் பராமரிப்புத் திணைக்களத்தில் பதிவானதா என்று முதலில் கேளுங்கள். வழிபாட்டுக்கு வராத பிள்ளைக்கும் அதே சாப்பாடு, அதே கவனிப்பு உண்டா என்றும் நேரடியாகக் கேளுங்கள். இலங்கை 1991இல் ஏற்ற சிறுவர் உரிமைகள் சமவாயத்தின் 20ஆம் உறுப்புரை, குடும்பத்துக்கு வெளியே வளரும் பிள்ளையின் சமய, மொழிப் பின்னணியைக் கவனத்தில் எடுக்கச் சொல்கிறது. இந்தக் கேள்விகளுக்கு முகம் சுளிக்கிற இடத்தில் சேர்க்காதீர்கள்.

இரவில் அலறுவதை வழிபாட்டோடு மட்டும் விட்டுவிடாதீர்கள். திருகோணமலை மாவட்ட பொது வைத்தியசாலையின் மனநலப் பிரிவில் காட்டுங்கள். மருத்துவமும் பிரார்த்தனையும் ஒன்றுக்கொன்று எதிரி அல்ல. அதுவரை படுக்கும் இடத்தில் சிறு வெளிச்சம் இருக்கட்டும், கதவு எந்தப் பக்கம் என்று அவளுக்குத் தெரியட்டும். அலறி எழும்பினால் சட்டென்று கட்டிப்பிடிக்காமல், "பெரியம்மா இருக்கிறேன், நீ உப்புவெளியில் நம் வீட்டில் இருக்கிறாய்" என்று சொல்லுங்கள்.

அப்புறம் பள்ளிக்கூடம். 16 வயதுவரை கல்வி கட்டாயம் என்பதால் விட்டுப்போன வகுப்பைக் காரணம் காட்டி யாரும் தட்டிக்கழிக்க முடியாது. பிரதேச செயலகத்தில் உள்ள சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தரைப் பிடித்தால் சேர்க்கும் வேலை சுலபமாகும். கொண்டுபோன ஆளோ அவர் தரப்போ சமாதானம் பேச வந்தால் காசு எதுவும் வாங்காமல், அன்றைக்கே தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929க்கு அழைத்துச் சொல்லிவிடுங்கள்.