வாரம் ஒரு வெட்டு: கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

குலசேகரம் பக்கம் எங்களுக்கு இரண்டு ஏக்கர் ரப்பர். ஒரு ஏக்கரில் பழைய மரங்கள், 180 இருக்கும். இன்னொரு ஏக்கர் ஒக்கிப் புயலில் போனது. 2018-ல் அங்கே RRII 105 என்ற ரகக் கன்றுகளை வாங்கி நட்டோம். வரும் மார்ச்சில் அதிலும் பட்டையைச் சீவிப் பால் வெட்டத் தொடங்கலாம் என்கிறார் அப்பா. இதுவரை பழைய மரங்களை அவரே ஒருநாள் விட்டு ஒருநாள் வெட்டினார், அம்மா அந்தப் பாலை உறைய வைத்து ஷீட் அடித்தார். அப்பாவுக்கு 64 வயது, மூட்டுவலி. கூலிக்கு வெட்ட ஆள் கிடைப்பதில்லை. எனக்குத் திருவனந்தபுரம் டெக்னோபார்க்கில் வேலை. வெள்ளி இரவு வீட்டுக்கு வந்துவிடுவேன். மருந்து தடவி வாரம் ஒருமுறை வெட்டும் முறை பற்றிப் படித்தேன். சனிக்கிழமை ஒரு ஏக்கர், ஞாயிற்றுக்கிழமை ஒரு ஏக்கர் என்று நானே வெட்டினால் சரிவருமா? மருந்தால் மரம் கெட்டுவிடும் என்று அப்பா பயப்படுகிறார். ஷீட்டை விட்டுவிட்டுப் பாலாகவே விற்கலாம் என்றால் அம்மா சம்மதிக்கவில்லை. ஷீட் வீட்டில் கிடந்தால்தான் தைரியம் என்கிறார். பழகியதை விட மனமில்லை, வேறு காரணம் இல்லை என்று எனக்குத் தோன்றுகிறது.

ஆர்., குலசேகரம்

அன்புள்ள ஆர்.,

சரிவரும். ஆனால் உங்கள் திட்டத்தில் கத்தி பிடிப்பவரின் வேலை மட்டும்தான் இருக்கிறது. வாரம் ஒரு வெட்டு என்றால் வெட்டுகிறவருக்கு வேலை குறையும், வீட்டில் இருப்பவருக்கு வேலை இடம் மாறும். சில நாட்களில் கூடவும் செய்யும். அந்தக் கணக்கைப் போடாமல் தொடங்கினால் ஆறு மாதத்தில் சுமை முழுவதும் அம்மாவின் தலையில் வந்து நிற்கும். அதற்குப் பிறகு வருகிறேன், முதலில் மரம்.

அப்பாவின் பயத்தில் பாதி நியாயம் உண்டு. எத்ரல் என்று கடையில் கிடைக்கும் எத்திஃபான் மரப்பட்டைக்குள் எத்திலீன் வாயுவை விடுகிறது. வெட்டிய இடத்தில் பால்குழாய்களின் வாய் சீக்கிரம் அடைபடாமல் அது பார்த்துக்கொள்கிறது. அதனால் பால் நெடுநேரம் வடியும். வடிந்த பாலை மரம் மறுபடி ஊற வைப்பதற்கு நாள் வேண்டும். ஏழு நாள் விட்டால் ஊறிவிடும். மருந்தையும் தடவி, ஒருநாள் விட்டு ஒருநாள் வெட்டவும் செய்தால் ஊறாது. குத்தகைக்கு விட்ட விளைகளில், அதாவது தோட்டங்களில், நடப்பது பெரும்பாலும் இதுதான். முதலில் பால் தண்ணீராகும், பிறகு வெட்டுவாயில், அதாவது பட்டையில் கத்தி ஓடிய கோட்டில், அங்கங்கே வறண்ட திட்டு தெரியும், கடைசியில் பாலே வராமல் பட்டை மரத்துப்போகும். 105 நல்ல விளைச்சல் தரும் மரம், ஆனால் அடிக்கடி வெட்டினால் இந்தப் பட்டை மரப்புக்கு எளிதில் இடம் கொடுத்துவிடும். ஒருநாள் விட்டு ஒருநாள் வெட்டு அதற்கு ஆகாது என்று ரப்பர் போர்டே சொல்லிவந்திருக்கிறது. ஆகவே அப்பாவிடம் சொல்ல வேண்டியது இது: மருந்து தடவிய மரத்தில் இடையில் ஒரு வெட்டுகூட கூடாது. கல்யாணச் செலவு, ஆஸ்பத்திரிச் செலவு, எது வந்தாலும்.

மருந்து 10 சதவீதமாகக் கிடைக்கும். ஒரு பங்கு மருந்துக்கு மூன்று பங்கு பாமாயில் சேர்த்தால் 2.5 சதவீதம். வெட்டுவாய்க்கு மேலே, புதிதாக வளர்ந்துவரும் பட்டையில், ஒன்று ஒன்றரை செ.மீ. அகலத்தில் பிரஷ்ஷால் மெல்லியதாக ஒரு பட்டி. வெட்டுக்கு இரண்டு மூன்று நாள் முன்னால் தடவ வேண்டும், மாதம் ஒருமுறை. இலை உதிர்ந்து தளிர்க்கும் காலத்திலும் கடும் வறட்சியிலும் கூடாது. ஏற்கெனவே வறண்ட மரங்களுக்குத் தடவவே கூடாது. பழைய ஏக்கரில் அப்படிப்பட்ட மரங்களைப் பெயின்ட் அடையாளம் வைத்து ஓய்வில் விட்டுவிடுங்கள். புதிய மரங்களுக்கு முதல் ஆண்டில் எத்தனை முறை தடவலாம் என்பதை ரப்பர் போர்டின் கள அலுவலர் மரத்தைப் பார்த்துச் சொல்லட்டும்.

சனிக்கிழமை வெட்டு என்றால் மருந்து தடவும் நாள் புதன் அல்லது வியாழன். நீங்கள் அன்று டெக்னோபார்க்கில் இருப்பீர்கள். அப்பாவுக்கு மூட்டுவலி. யார் தடவுவார்?

புதிய ஏக்கரைத் திறப்பதை, அதாவது முதல் வெட்டைத் தொடங்குவதை, மார்ச் என்ற தேதியை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள். டேப்பை எடுத்து, கன்றில் ஒட்டுக்கட்டிய பகுதியிலிருந்து 125 செ.மீ. உயரத்தில் சுற்றளவு பாருங்கள். 50 செ.மீ. வந்த மரத்தைத்தான் வெட்டலாம். நூற்றுக்கு 70 மரமாவது அந்த அளவுக்கு வந்திருந்தால் விளையைத் திறக்கலாம். இல்லையென்றால் செப்டம்பர் வரை பொறுங்கள். மெலிந்த மரத்தை வெட்டினால் அதன் பிறகு பருமன் கூடுவது குறைந்துபோகும், ஆயுள் முழுக்க அந்த நஷ்டம் தொடரும். வெட்டுவாய் இடப்பக்கம் உயர்ந்து வலப்பக்கம் தாழ்ந்து, 30 டிகிரி சரிவில், மரத்தின் பாதிச் சுற்றுக்கு. தகரத்தில் ஒரு அச்சு வெட்டிவைத்துக்கொண்டால் எல்லா மரத்திலும் சரிவு ஒன்றுபோல் இருக்கும். இந்தத் திசைக்குக் காரணம் உண்டு: பால்குழாய்கள் பட்டைக்குள் நேராக நிற்பதில்லை, மூன்று முதல் ஐந்து டிகிரி வலப்பக்கம் சாய்ந்து ஏறுகின்றன. இப்படி வெட்டினால் அதிகக் குழாய்கள் அறுபடும்.

கத்தி பழகுவதைப் பழைய மரத்தில் தொடங்குங்கள், புதிய மரத்தில் வேண்டாம். பால்குழாய்கள் அதிகம் இருப்பது பட்டைக்கு உள்ளே இருக்கும் தடியை, அதாவது மரக்கட்டையை, ஒட்டிய உள்பட்டையில்தான். தடிக்கும் கத்திக்கும் நடுவே ஒரு மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவாகப் பட்டை நிற்க வேண்டும். மேலோட்டமாகச் சீவினால் பால் இருக்காது. ஆழமாகப் போய்த் தடியில் பட்டால் அந்த இடம் முண்டு முண்டாக ஆறும், பிற்காலத்தில் அங்கே கத்தி ஓடாது. சீவல் ஒன்றை எடுத்து விரலில் வைத்துப் பாருங்கள். தொடக்கம் முதல் முடிவுவரை ஒரே கனத்தில் இருந்தால் கை பழகிவிட்டது என்று அர்த்தம். நடுவில் தடித்து ஓரத்தில் மெலிந்திருந்தால் மணிக்கட்டு இன்னும் மரத்தைச் சுற்றி வரவில்லை. பேட்டரியில் ஓடும் வெட்டுக்கருவிகளும் வந்துவிட்டன. ஆழத்தைக் கட்டுப்படுத்தும் அமைப்பு இருப்பதால் புதியவர்களுக்கு அது உதவும். ஆனால் பட்டையின் கனம் மரத்துக்கு மரம் மாறும், அதைக் கருவி அறியாது. கையால் வெட்டத் தெரிந்த பிறகு வாங்குங்கள்.

வெளிச்சம் வரும் முன் தொடங்குவதை விடாதீர்கள். வெயில் ஏறி இலை நீரை இழுக்கத் தொடங்கியதும் குழாய்க்குள் இருக்கும் அழுத்தம் குறையும், பாலும் குறையும். சனிக்கிழமை எட்டு மணிக்கு எழுந்து வெட்டலாம் என்ற எண்ணம் இருந்தால் இந்தத் திட்டமே வேண்டாம்.

இனி மழை. நம் மாவட்டத்துக்கு இரண்டு பருவமழையும் உண்டு. ஒருநாள் விட்டு ஒருநாள் வெட்டுகிறவருக்கு ஒரு வெட்டு தவறினால் மாதத்தில் பதினைந்தில் ஒன்று போயிற்று. உங்களுக்கு நாலில் ஒன்று. வெட்டுவாய் நனையாமல் மூடும் பிளாஸ்டிக் மறைப்பான ரெயின்கார்டு இல்லாமல் வார வெட்டைத் தொடங்காதீர்கள். பிளாஸ்டிக்கை மரத்தில் பசை வைத்து ஒட்டும்போது மேல்விளிம்பில் இடைவெளி விட்டால் தண்ணீர் உள்ளே ஒழுகி, ரெயின்கார்டு இல்லாததைவிட மோசமாகும். மூடிய ஈரத்தில் வெட்டுப்பட்டை கறுத்து அழுகும் நோய் வரும். மழைக்காலத்தில் லிட்டர் தண்ணீருக்கு 5 கிராம் மாங்கோசெப் என்ற பூசணக்கொல்லி கலந்து வாரம் ஒருமுறை வெட்டுப்பட்டையைக் கழுவிவிட வேண்டும். சனிக்கிழமை மழையில் போனால் அந்த ஏக்கரை ஞாயிறும், ஞாயிறு ஏக்கரைத் திங்களும் வெட்டுவதுதான் முறை. திங்கள் காலை உங்களுக்கு வேலை. மாதம் ஓரிரு திங்கள் வீட்டிலிருந்தே வேலை பார்க்க அனுமதி கிடைக்குமா என்பதை இப்போதே கேட்டுவையுங்கள்.

இப்போது அம்மாவின் பக்கம். ஒருநாள் விட்டு ஒருநாள் வெட்டில் மரத்துக்கு 50 கிராம் உலர் ரப்பர் என்று வைத்துக்கொண்டால், 180 மரத்தில் ஒரு வெட்டுக்கு 9 கிலோ, 18 ஷீட். வார வெட்டில் அதே மரம் ஒரே நாளில் 100 கிராம் தருகிறது என்று வையுங்கள். 18 கிலோ. பாலில் ரப்பர் 35 சதவீதம் என்றால் ஐம்பது லிட்டருக்கு மேல் பால். உறைய வைப்பதற்கு ரப்பர் 12.5 சதவீதமாகும்படி தண்ணீர் கலந்தால் 144 லிட்டர். ஒரு டிரேக்கு 4 லிட்டர், அப்படியானால் 36 டிரே. வீட்டில் எத்தனை டிரே இருக்கிறது? ஒவ்வொரு டிரேக்கும் 1 சதவீதத்துக்குக் கரைத்த ஃபார்மிக் ஆசிட் 200 மில்லி அளந்து ஊற்றி, கலக்கி, நுரை வழித்து, உறைந்த பிறகு மெஷினில் பலமுறை விட்டு, கழுவி, தொங்கவிட வேண்டும். மறுநாள் ஞாயிறு, புதிய ஏக்கரும் அதே அளவு தந்தால், இன்னொரு 36. சனிக்கிழமை ஷீட்டில் நீர் வடிவதற்குள் ஞாயிறு ஷீட் வந்துவிடும். தொங்கவிடக் கம்பும் போதாது, ஷீட்டைப் புகையில் காயவைக்கும் புகைப்புரையில் இடமும் போதாது. ஈரத்தில் குவிந்து கிடந்த ஷீட்டில் பூசணம் பிடிக்கும், தரம் இறங்கும். அப்புறம் ஷீட் சரியில்லை என்ற பேச்சும் அம்மாவுக்குத்தான்.

அதோடு முடியவில்லை. மருந்து தடவிய மரம் மதியம் வரை சொட்டும். பால் பிடிக்கும் சிரட்டையில் கால் லிட்டரோ சற்று அதிகமோதான் கொள்ளும். மரத்துக்குச் சராசரியே 285 மில்லி வருகிறது, நல்ல மரத்தில் அரை லிட்டரைத் தாண்டும். சிரட்டையை மாற்றிப் பெரிய பிளாஸ்டிக் கப் வாங்குங்கள், அதைத் தாங்கும் கம்பியும் மாற வேண்டும். ஒன்பது, பத்து மணிக்கு ஒரு தடவை பால் எடுத்தால் போதாது, பிற்பகலில் இன்னொரு நடை போக வேண்டும். அந்த நடையை நீங்கள் போவதாக எழுதி ஒட்டிவையுங்கள்.

பாலாக விற்றால் இதில் பெரும்பகுதி இல்லாமல் போகும் என்பது உண்மை. பாலை அரித்து, உறையாமல் இருக்க அமோனியா சேர்த்து பேரலில் விட்டால் முடிந்தது. வாங்குகிறவர் பாலில் உள்ள உலர் ரப்பர் சதவீதத்தை வைத்துப் பணம் தருவார். அந்தச் சதவீதம் அவருடைய கையில் இருக்கிறது. அமோனியா சேர்ப்பதற்கு முன் ஒரு கிலோ பாலை எடுத்து வீட்டிலேயே உறைய வைத்து, மெல்லியதாக அழுத்தி, வெள்ளைத் திட்டே இல்லாமல் காயவைத்து நிறுத்துப் பாருங்கள். 350 கிராம் நின்றால் 35 சதவீதம். மாதம் இரண்டு முறை இதைச் செய்கிற வீட்டில் கணக்கு பெரிதாகப் பிசகாது. அம்மாவுக்கு இது ஒரு வேலையே அல்ல, அவரைவிடத் திறமாகச் செய்ய ஆளும் இல்லை.

எது லாபம் என்று பார்க்க, ஷீட் விலையிலிருந்து ஆசிட், விறகுச் செலவைக் கழியுங்கள். பால் விலையை உலர் ரப்பர் கிலோவுக்கு மாற்றி இரண்டையும் ஒப்பிடுங்கள். பேச்சுக்கு, கிலோவுக்கு 15 ரூபாய் வித்தியாசம் என்றால் 18 கிலோவுக்கு 270 ரூபாய். அம்மா அன்று ஐந்து மணிநேரம் உழைக்கிறார் என்றால் அதுதான் அவர் கூலி. இந்த எண்ணை அவரிடம் சொல்லி, இந்தக் கூலிக்கு இந்த வேலை வேண்டுமா என்று கேளுங்கள். இவ்வளவு காலம் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

அவர் மறுப்பதற்குப் பழக்கம் மட்டும் காரணம் என்று நான் நினைக்கவில்லை. ஷீட் வீட்டில் அடுக்கியிருக்கும்போது கையிருப்பு எவ்வளவு என்பது அவர் கண்ணுக்குத் தெரியும். விலை ஏறும்வரை வைத்திருக்கலாம், அவசரத்துக்குப் பத்து கிலோ எடுத்துப் போட்டுப் பணம் வாங்கலாம். பாலுக்கு அந்த வசதி இல்லை. அன்றைய விலைதான், பணமும் நேராக ஒரு வங்கிக் கணக்குக்குப் போகும். யாருடைய கணக்கு? அப்பாவுடையதோ உங்களுடையதோ என்றால், அம்மாவின் கையிலிருந்த ஒரு பொறுப்பு ஓசையில்லாமல் கைமாறிவிடுகிறது. பாலாக விற்பதாக முடிவானால் பணம் அம்மாவின் கணக்கில் விழட்டும், குறுஞ்செய்தியும் அவர் போனுக்கே வரட்டும். வெட்டுவாயிலும் கப்பிலும் ஒட்டிக் காயும் ஒட்டுப்பாலின் காசு தனியாக அவரிடமே இருக்கட்டும்.

என் யோசனை இது. முதல் ஆண்டு சனிக்கிழமைப் பாலை ஷீட் ஆக்குங்கள், ஞாயிறுப் பாலைப் பேரலில் கொடுங்கள். ஷீட்டுக்கு வாரம் முழுக்கக் காயும் இடம் கிடைக்கும், வீட்டில் கையிருப்பும் சேரும். வியாழக்கிழமை மருந்து தடவும் வேலையை அம்மா ஏற்றுக்கொண்டால் கையுறை வாங்கிக் கொடுத்து அதற்கும் கூலி எழுதுங்கள். அவர் வேண்டாம் என்றால் வெட்டை ஞாயிறு, திங்கள் என்று மாற்றி, வெள்ளி இரவு வந்த நீங்கள் சனிக்கிழமை தடவ முடியுமா என்று யோசிக்க வேண்டாம். ஞாயிறு வெட்டும் ஏக்கருக்கு ஒருநாள் இடைவெளிதான் கிடைக்கும், அது போதாது. மாதம் ஒரு வியாழக்கிழமை நீங்கள் விடுப்பு எடுப்பதுதான் வழி.

ரெயின்கார்டு மே மாத இறுதிக்குள் மரத்தில் ஏறியிருக்க வேண்டும், ஜூனில் மழை பிடித்த பிறகு ஈரப்பட்டையில் பசை ஒட்டாது. அதற்கு முன் மூன்று விவரம் எனக்கு எழுதுங்கள்: 50 செ.மீ. வந்த புதிய மரங்கள் எத்தனை, பழைய ஏக்கரில் வறண்ட மரங்கள் எத்தனை, வீட்டில் டிரே எத்தனை. மூன்றாவதை அம்மாவிடமே கேட்டு எழுதுங்கள்.