மகளும் மெர்ச்சண்டைசர் வேலையும் – கடிதம்

அன்புள்ள ஐயா,

என் மகள் ஃபேஷன் டிசைன் முடித்திருக்கிறாள். இங்கேயே ஓர் ஏற்றுமதி நிறுவனத்தில் மெர்ச்சண்டைசர் வேலை (ஆர்டர் பேசி, துணி தயாராகிப் போய்ச் சேரும்வரை கவனிப்பது) வந்தது, வேண்டாம் என்கிறாள். மண்ணையும் தண்ணீரையும் கெடுக்காத, தைப்பவருக்கு நியாயமான கூலி தருகிற உடைகளைத்தான் செய்வாளாம். நான் முப்பது வருடம் பனியன் கம்பெனியில் கணக்கு எழுதியவன். இது சோறு போடுமா?

ஒரு வாசகர், திருப்பூர்

அன்புள்ள நண்பருக்கு,

போடும், ஆனால் மெதுவாகத்தான் போடும்.

உங்கள் கடிதத்தைப் படித்ததும் பிரிட்டிஷ் ஃபேஷன் டிசைனர் கேத்தரின் ஹாம்னெட் நினைவுக்கு வந்தார். 1979இல் லண்டனில் சொந்தப் பெயரில் நிறுவனம் தொடங்கியவர். மார்பில் கொட்டை எழுத்தில் வாசகம் போட்ட டி-ஷர்ட்டுகளால் பெயர் வாங்கினார். 1984இல் பிரதமர் தாட்சர் கொடுத்த விருந்துக்குக் கோட்டோடு போய், உள்ளே போனதும் கோட்டைத் திறந்தார். 58 சதவீதம் பேருக்கு அமெரிக்காவின் பெர்ஷிங் அணு ஏவுகணை வேண்டாம் என்றது உள்ளே இருந்த டி-ஷர்ட். அந்தப் புகைப்படம் பிரபலம்.

அதற்கு அப்புறம் நடந்ததுதான் உங்கள் மகளுக்கு வேண்டியது. கடை திறந்து பத்து வருடம் கழித்து, 1989இல்தான், தன் துணி எங்கிருந்து எப்படி வருகிறது என்று விசாரிக்கத் தொடங்குகிறார். பருத்திக்கு அடிக்கும் பூச்சிமருந்து விவசாயிகளின் உயிரையே எடுப்பது தெரிகிறது. எடுத்துச் சொன்னால் தொழில் திருந்திவிடும் என்று நம்பினார். யாரும் அசையவில்லை. 2003இல் ஆக்ஸ்ஃபாம் என்ற தொண்டு நிறுவனத்துடன் ஆப்பிரிக்காவின் மாலி நாட்டுக்குப் போய்ப் பருத்தி விவசாயிகளைப் பார்த்தார். தன் பெயரில் உடை தயாரிக்கப் பிறருக்குக் கொடுத்திருந்த உரிமங்களை அந்த ஆண்டுகளில் முறித்துக்கொண்டு, ரசாயனப் பூச்சிமருந்து அடிக்காத ஆர்கானிக் பருத்தியில் புதிதாகத் தொடங்கினார். அவ்வளவு புகழ் இருந்தவருக்கே பதினைந்து வருடம்!

ஏன்? உடையை வரைகிற டிசைனர் கையில் இருப்பது கொஞ்சம்தான். எந்த நூல், எந்தச் சாயம், தைக்க எத்தனை நாள் என்பதையெல்லாம் விலையும் ஷிப்மென்ட் தேதியும் முடிவு செய்துவிடும். அந்த விலையும் தேதியும் பேசப்படுவது மெர்ச்சண்டைசர் மேஜையில். துணி வாங்கும் வெளிநாட்டு நிறுவனம் பீஸுக்குப் பத்து சென்ட் குறைத்தால் அது யார் தலையில் விடிகிறது என்று அங்கே உட்கார்ந்தால்தான் தெரியும். ஆகவே உங்கள் மகள் வேண்டாம் என்கிற வேலையை நான் இரண்டு வருடம் செய்யச் சொல்வேன். கோபித்துக்கொண்டாலும் சரி.

தவிர, அவர் இருப்பது திருப்பூரில். ஒரத்துப்பாளையம் அணையில் சாயக்கழிவு தேங்கியதையும், 2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னதையும் நீங்கள் கண்ணால் பார்த்தவர். கழிவுநீரை ஒரு சொட்டுகூட வெளியே விடாமல் சுத்திகரிக்க என்ன செலவாகும் என்பது லண்டன் டிசைனருக்குப் புத்தக அறிவு. உங்கள் மகள் நேரில் போய்ப் பார்க்க டவுன் பஸ் போதும்.

சான்றிதழ்களையும் அங்கேயே கற்றுக்கொள்ளலாம். பச்சை இலைப் படம் போட்ட அட்டை தொங்கினாலே நம்பி வாங்குகிறவன் நான். ஆர்கானிக் துணிக்கான சர்வதேசத் தரச் சான்றான ஜி.ஓ.டி.எஸ். முத்திரையில் 'ஆர்கானிக்' என்று போட 95 சதவீதம் ஆர்கானிக் இழை வேண்டும் என்பதும், 70 சதவீதத்துக்கு வேறு வாசகம் என்பதும் தாமதமாகத்தான் எனக்குத் தெரிந்தது.

அப்புறம் சொந்தமாகத் தொடங்கட்டும். ஐம்பது சட்டையில் தொடங்கினால் போதும். அந்த ஐம்பதுக்கும் நூலிலிருந்து பட்டன்வரை கணக்கு எழுத ஆள் வேண்டுமே, முப்பது வருட அனுபவத்தோடு நீங்கள் வீட்டில்தானே இருக்கிறீர்கள்?