யாரை எண்ணுகிறார்கள்?

அன்புள்ள ஐயா,

நண்பர் ஒருவர் சபைகளின் உறுப்பினர் கணக்கை ஒரு பட்டியலாகப் போட்டு அனுப்பியிருக்கிறார். அமெரிக்காவின் தெற்கு பாப்டிஸ்டுகள் 2006-இல் 1 கோடியே 63 லட்சம் பேர். 2023-இல் 1 கோடியே 30 லட்சத்துக்கும் கீழே போய்விட்டார்கள். மார்மன் சபையோ 1 கோடியே 72 லட்சத்தைத் தாண்டிவிட்டது. "வளர்கிற இடத்தில்தான் சத்தியம் இருக்கிறது" என்கிறார். என்ன பதில் சொல்வது?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

எண்கள் சரிதான். ஆனால் முதலாவது பெரும்பாலும் ஒரு நாட்டுக் கணக்கு, இரண்டாவது உலகக் கணக்கு. அதைவிடப் பெரிய சிக்கல், இரண்டு சபைகளும் ஒரே ஆளை ஒரே மாதிரி எண்ணுவதில்லை.

மார்மன் சபையில் ஞானஸ்நானம் எட்டு வயதில்தான். ஆனால் கைக்குழந்தையை ஆசீர்வதித்துப் பெயர் எழுதும்போதே அது கணக்கில் வந்துவிடும். வளர்ந்தபின் அவர் ஆராதனைப் பக்கமே வராமல் போகலாம். அவராக எழுதிக்கொடுத்து விலகாவிட்டால், சபையும் நீக்காவிட்டால், பெயர் அப்படியே நிற்கும். எங்கே போனார் என்றே தெரியாதவரின் பெயரைக்கூட அவருக்கு 110 வயது ஆகும்வரை வைத்திருப்பார்கள். பிரேசிலில் 2010-இல் சபையின் கணக்குப்படி 11 லட்சத்துக்கும் மேற்பட்ட உறுப்பினர்கள். அதே ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், கேட்டபோது தங்களை மார்மன் என்று சொன்னவர்கள் ஏறக்குறைய 2,26,500 பேர். மீதி ஒன்பது லட்சம் பேரை நான் பொய்க்கணக்கு என்று சொல்லமாட்டேன். அவர்களில் பலர் ஒரு நாள் உண்மையாகவே தண்ணீரில் இறங்கி எழுந்தவர்கள். அதற்குப் பிறகு அவர்களுக்கு என்ன ஆயிற்று என்பதுதான் எனக்கு முக்கியம். பட்டியலில் அதற்கு இடமில்லை.

யெகோவாவின் சாட்சிகள் இதற்கு நேர் எதிர். ஊழியத்துக்கு, அதாவது மற்றவர்களிடம் பிரசங்கிக்க, போய்வந்து மாதாமாதம் அறிக்கை கொடுப்பவரைத்தான் 'பிரஸ்தாபி' என்று எண்ணுவார்கள். கையகலச் சீட்டு; பெயர், மாதம், ஊழியம் செய்த மணிநேரம். 2023 நவம்பரிலிருந்து பெரும்பாலானோர் மணிநேரம் எழுத வேண்டியதில்லை, ஊழியத்தில் கலந்துகொண்டேன் என்று ஒரு டிக் போட்டால் போதும். அறிக்கை வராதவர் கணக்கில் இல்லை. அதனால் 2023-இல் பிரஸ்தாபிகள் 88 லட்சம்தான். ஆனால் அந்த ஆண்டு இயேசுவின் மரண நினைவுநாள் நிகழ்ச்சிக்கு வந்தவர்களோ 2 கோடியே 4 லட்சம்! வேறொரு சபையாக இருந்தால் இந்த இரண்டாவது எண்ணைத்தான் பெருமையாகச் சொல்லியிருக்கும்.

ஜெர்மனியில் ஏட்டில் சபை உறுப்பினராக இருப்பவரிடம், அவருடைய வருமான வரித் தொகையில் 8 அல்லது 9 சதவீதத்தைச் சபை வரியாகவும் சேர்த்துப் பிடிப்பார்கள். அதிலிருந்து விடுபட, அரசு அலுவலகத்துக்குப் போய் முறையாக விலக வேண்டும். 2022-இல் மட்டும் 5,22,000-க்கும் மேற்பட்ட கத்தோலிக்கர்கள் அப்படி விலகினார்கள். வரி இல்லாத நாட்டில் அதே மனநிலையில் இருப்பவர் ஏட்டில் கத்தோலிக்கராகவே இருந்துவிடுவார்.

உங்கள் நண்பர் குறைகிறது என்று காட்டும் தெற்கு பாப்டிஸ்டுகளையே எடுத்துக்கொள்ளுங்கள். 2023-இல் அவர்களுடைய உறுப்பினர் எண்ணிக்கை குறைந்தது. அதே ஆண்டில் ஞானஸ்நானம் 26 சதவீதம் கூடி 2,26,919 ஆனது; வாராந்தர ஆராதனைக்கு வருபவர்களும் கூடி 40 லட்சத்தைத் தாண்டினார்கள். ஏட்டில் இருக்கும் 1 கோடியே 29 லட்சத்துக்கு எதிரே இந்த 40 லட்சத்தையும் பட்டியலில் ஒரு நெடுவரிசையாகச் சேர்க்கச் சொல்லுங்கள். மற்ற சபைகளுக்கும் அந்த நெடுவரிசையை நிரப்பிவிட்டு வரட்டும், பிறகு பேசுவோம்.