டெஸ்ட் கார்டுல வட்டம் முட்டையா தெரியுதா? கலரைத் தொடாதீங்க, ஓரத்தைப் பாருங்க

கேள்வி: புது டிவியை செட் பண்ணலாம்னு ஒரு டெஸ்ட் கார்டு படத்தை (டிவி சரியா காட்டுதான்னு பாக்க வட்டம், கோடு, கலர் பட்டையெல்லாம் போட்ட படம்) பென்டிரைவ்ல போட்டு ஓட்டினேன். நடுவுல இருக்க வட்டம் படுத்த முட்டை மாதிரி இருக்கு, ஓரத்துல இருக்க அம்புக்குறி பாதி காணோம், கீழ வலதுபக்கம் மூணு கறுப்புப் பட்டை இருக்கும்னாங்க, எனக்கு ஒண்ணுகூட தெரியல. டிவி கோளாறா? எதைத் திருப்பணும்?

பதில்: டிவியில கோளாறு இருக்கறதுக்கு வாய்ப்பு கம்மி. ஆனா நீங்க எடுத்தவுடனே பிரைட்னஸ், கலர்னு திருப்ப ஆரம்பிச்சீங்கன்னா ராத்திரி முழுக்க திருப்பிக்கிட்டே இருப்பீங்க, இதுக்கு ஒரு வரிசை இருக்கு.

முதல்ல ஓரம். பழைய பிக்சர் டியூப் டிவிகள்ல படத்தோட விளிம்பு கொஞ்சம் ஃப்ரேமுக்குப் பின்னாடி மறைஞ்சே போகும், அதுக்குப் பேரு ஓவர்ஸ்கேன். தட்டையான டிவி வந்தப்புறம் அதுக்குத் தேவையே இல்ல, ஆனாலும் பழக்கதோஷத்துல நிறைய டிவி இன்னும் படத்தை லேசா பெருசாக்கித்தான் காட்டுது. மெனுவுல ஜஸ்ட் ஸ்கேன், ஸ்க்ரீன் ஃபிட், ஒன் டு ஒன் இப்படி ஏதாவது ஒரு பேர்ல இருக்கும், அதைப் போட்டா அம்புக்குறியோட முனை விளிம்பைத் தொடும். இதை ஏன் முதல்ல சொல்றேன்னா, படம் பெருசாகி இருக்கும்போது கார்டுல இருக்க நெருக்கமான கோடெல்லாம் ஒண்ணோட ஒண்ணு கலந்து கலங்கலா தெரியும், அதைப் பாத்துட்டு ஷார்ப்னஸை ஏத்தினா கோட்டைச் சுத்தி வெள்ளையா ஒரு நிழல் விழும்.

வட்டம் முட்டையானதுக்குக் காரணம் 4:3 கார்டை 16:9 திரைக்கு இழுத்துவிட்டதுதான், மெனுவுல ஆஸ்பெக்ட் ரேஷியோவை, அதாவது படத்தோட அகல உயர விகிதத்தை மாத்துங்க, முடிஞ்சது.

அடுத்து அந்த மூணு கறுப்புப் பட்டை. இதுக்குப் பேரு ப்ளூஜ். இடதுபக்கப் பட்டை கறுப்பைவிடக் கறுப்பு, நடுவுல இருக்கறது சரியான கறுப்பு, வலதுபக்கம் இருக்கறது ஒரு துளி வெளுப்பு. அறை லைட்டை அணைச்சுட்டு பிரைட்னஸை ஏத்துங்க, பட்டைங்க தெரியும், அப்புறம் மெதுவா இறக்குங்க, இடதும் நடுவும் ஒண்ணாகி வலது மட்டும் இருக்கா இல்லையான்னு நிக்கும்ல, அங்க விட்டுடுங்க. எவ்வளவு ஏத்தியும் ஒண்ணுமே வரலைன்னா ஹெச்டிஎம்ஐ பிளாக் லெவலைப் பாருங்க, பிளேயர் கறுப்புல இருந்து வெள்ளை வரைக்குமான அளவை 16ல இருந்து 235ன்னு அனுப்பி டிவி 0ல இருந்து 255ன்னு எடுத்துக்கிட்டா, இல்ல அதுக்கு நேரெதிரா இருந்தா, கறுப்பு இடம் மாறிடும்.

நான் வேலைக்குச் சேர்ந்த புதுசுல ஒரு ஸ்டுடியோவுல யாரோ மானிட்டர் பிரைட்னஸை ஏத்தி வெச்சிருந்தாங்க, நான் அதை நம்பி கேமராவையெல்லாம் இறக்கி, நிகழ்ச்சி முழுக்க இருட்டாப் போச்சு, திட்டு எனக்குத்தான். அதுக்கப்புறம் கலர் பார்ஸ், அதாவது வரிசையா நிக்கற கலர் பட்டைங்க, போட்டுப் பாக்காம எந்த மானிட்டரையும் நான் நம்பறதில்ல.

கலர் பார்ஸ் வரிசையைக் கவனிச்சிருக்கீங்களா? வெள்ளை, மஞ்சள், சயன் (பச்சையும் நீலமும் கலந்தது), பச்சை, மெஜந்தா (சிவப்பும் நீலமும் கலந்தது), சிவப்பு, நீலம். சும்மா அழகுக்கு அடுக்கினது இல்ல. பழைய டிவி கணக்குல வெளிச்சத்துல பச்சைக்கு 59, சிவப்புக்கு 30, நீலத்துக்கு 11 பங்கு, கூட்டிப் பாருங்க, 100, 89, 70, 59, 41, 30, 11ன்னு இறங்கும். கலரை சுத்தமா குறைச்சுப் பாத்தா படிக்கட்டு மாதிரி சாம்பல் வரிசையாத் தெரியும், எனக்கு இன்னமும் பிடிச்ச விஷயம் அது. கலரை செட் பண்றதுக்கு டிவியில ப்ளூ ஒன்லி (நீலத்தை மட்டும் காட்டற மோடு) இருந்தா போடுங்க, வெள்ளை, சயன், மெஜந்தா, நீலம் இந்த நாலுலதான் நீலம் இருக்கு, நாலும் ஒரே அளவு பளிச்சுன்னு இருந்தா சரி. இந்த நாலுல முதல் பட்டையும் கடைசிப் பட்டையும் ஒத்துப்போகலைன்னா கலரைத் திருப்புங்க, நடுவுல இருக்க ரெண்டும் ஒத்துப்போகலைன்னா டின்டைத் (நிறச் சாயல்) திருப்புங்க.

இதெல்லாம் டிவி வாங்கறவங்களுக்காக மட்டும் வந்ததில்ல. ஸ்டுடியோவுல இருந்து டிரான்ஸ்மிட்டர் வரைக்கும் எங்க சிக்னல் கெடுதுன்னு ஒவ்வொரு இடத்துலயும் அளக்கறதுக்குத்தான் பார்ஸும் கூடவே அந்த 1 கிலோஹெர்ட்ஸ் 'கூ' சத்தமும். அந்தக் காலத்துல பகல்ல நிகழ்ச்சி இல்லாத நேரத்துல கார்டை ஒளிபரப்புவாங்க, கடைக்காரரும் ஆன்டெனா கட்டறவரும் அதை வெச்சு செட் பண்ணிக்கிட்டாங்க. 1967 ஜூலை 2ல பிபிசி போட்ட டெஸ்ட் கார்டு எஃப்ல ஒரு சின்னப் பொண்ணு கரும்பலகை முன்னாடி பொம்மையோட உக்காந்திருக்கும், தோல் நிறத்துல தப்புன்னா நம்ம கண்ணு உடனே பிடிச்சுடும்ங்கறதால. அந்தப் பலகையில போட்டிருக்க பெருக்கல் குறிதான் திரையோட சரியான மையம்.

இப்போ டிஜிட்டல்ல அசையாத கார்டால ஒரு சிக்கல், சிக்னல் உறைஞ்சு போனாலும் கார்டு அப்படியேதான் தெரியும், அதனால ஓடற கடிகாரமோ நகர்ற கட்டமோ சேர்த்து வெக்கறாங்க.

கடைசியா ஒண்ணு, பென்டிரைவ்ல போட்ட ஃபோட்டோவை டிவி வேற மாதிரி பிராசஸ் பண்ணலாம், நீங்க தினமும் படம் பாக்கற பிளேயர்ல வீடியோ ஃபைலா போட்டு, அதே ஹெச்டிஎம்ஐ போர்ட்ல செட் பண்ணுங்க. நிறைய டிவில ஒவ்வொரு போர்ட்டுக்கும் செட்டிங் தனித்தனி.