வாசகர் கேள்வி: ரயர்க் கரியில் மின்வாய்

கேள்வி: பக்கத்து வீட்டு அண்ணா கம்பசில் காபன் பிளாக் பூசிய மின்வாய்களை வைத்து ஆய்வு செய்கிறார். ரயரைக் கறுப்பாக்கும் அதே தூள்தான் என்கிறார். அது எப்படி நுட்பமான உணரிக்குச் சரிவரும்? எனது செயற்றிட்டத்துக்கு விளக்குக்கரியோ சிரட்டைக்கரியோ போதாதா?
- உயர்தர மாணவி, நிலாவெளி

பதில்: அண்ணா சொன்னது சரிதான், தங்கச்சி. கனமான எண்ணெயைக் குறைந்த காற்றில் அரைகுறையாக எரித்து எடுக்கும் தூள் அது, பெரும்பங்கு ரயருக்குத்தான் போகிறது. அதற்காக முரட்டுச் சாமான் என்று நினைக்காதீர்கள். ஒரு மணி சில பத்து நனோமீற்றர்தான் இருக்கும், மணிகள் குலை குலையாக ஒட்டிக் கிடக்கும், மின்னையும் நன்றாகக் கடத்தும்.

வீட்டில் சீனி பார்க்கிற ஸ்ரிப்பை நினைத்துக்கொள்ளுங்கள். தேடுகிற பொருள் மின்வாயில் இலத்திரனைக் கொடுக்கிறது, அப்போது ஓடும் மின்னோட்டத்தை அளக்கிறோம், அவ்வளவுதான். ஆனால் சாதாரண காபன் மையில் அச்சடித்த மின்வாயில் பல மூலக்கூறுகள் இலத்திரனை இலேசில் விடாது, அதனால் வோல்ற்றளவைக் கூட்ட வேண்டிவரும், கூட்டினால் கரைசலில் இருக்கிற வேண்டாத பொருள்களும் சேர்ந்து ஒட்சியேறி, வருகிற மின்னோட்டத்தில் எது எதனுடையது என்றே தெரியாமல் போய்விடும். காபன் பிளாக்கின் மேற்பரப்பில் ஓரங்களும் குறைபாடுகளும் ஏராளம், அங்கே இலத்திரன் சுலபமாகக் கைமாறும், குறைந்த வோல்ற்றளவிலேயே வேலை முடியும். மலிவு என்பதைத்தான் எல்லோரும் முதலில் சொல்வார்கள், எனக்கு இதுதான் பெரிய விஷயம். ரோமின் டோர் வெர்காட்டா பல்கலைக்கழகத்தில் ஃபபியானா அர்துயினியின் குழு இதைப் பல ஆய்வுகளில் காட்டியிருக்கிறது.

விளக்குக்கரியில் எரியாத எண்ணெய்ப் பிசுக்கு கலந்திருக்கும். காபன் பிளாக்கில் 97 சதவீதத்துக்கு மேல் காபன்தான். அதைவிட, விளக்குக்கரி நாளுக்கு ஒரு மாதிரி இருக்கும், நேற்று எடுத்த அளவீடு இன்றைக்கு ஒத்துவராது. சிரட்டைக்கரி தண்ணீர் சுத்திகரிக்க அருமையான சாமான், மின் கடத்துவதில்தான் பின்தங்கிவிடும். சரி, மூன்றையும் ஒப்பிட்டே ஒரு செயற்றிட்டம் செய்யுங்களேன்! அண்ணாவின் ஆய்வுகூடத்தில் பொற்றாசியம் பெரிசயனைட்டுக் கரைசலில் வோல்ற்றளவை ஏற்றி இறக்கி வரைபு எடுத்தால் இரண்டு உச்சிகள் வரும். அவை எவ்வளவு கிட்ட இருக்கின்றனவோ இலத்திரன் அவ்வளவு வேகமாக மாறுகிறது, 25 பாகை செல்சியசில் இலட்சிய இடைவெளி ஏறத்தாழ 59 மில்லிவோல்ற்று.

பலர் கோட்டைவிடுவது தூளைக் கரைசலில் பரப்புகிற இடத்தில். மில்லிலீற்றருக்கு 1 மில்லிகிராம் தூள், டைமெதயில் ஃபோமமைட் என்ற கரைப்பானும் தண்ணீரும் பாதிப்பாதி, மீயொலித் தொட்டியில் ஒரு மணிநேரம், அப்புறம் மின்வாயில் சில மைக்குரோலீற்றர் சொட்டு. கட்டி இருந்தால் பூச்சு திட்டுத்திட்டாகிவிடும். அந்தக் கரைப்பான் ஈரலுக்குக் கெடுதி, பள்ளிக்கூடத்தில் வேண்டவே வேண்டாம். தூள் மூக்கில் போகாமல் முகக்கவசமும் போடுங்கள்.

கேள்வி: எங்கள் வெங்காயத் தோட்டத்துக் கிணற்றில் மருந்து கலந்திருக்கிறதா என்று இப்படி ஒரு உணரியால் பார்க்கலாமா?
- விவசாயி, குச்சவெளி

பதில்: ஒருசில வகை மருந்துகளைப் பார்க்கலாம், ஐயா. அசற்றைல்கோலினெசுத்தரேசு என்ற நொதியை மின்வாயில் வைத்து அதற்கு ஒரு தீனி கொடுப்பார்கள், நொதி அதை உடைக்கும்போது உண்டாகிற தயோகோலின் காபன் பிளாக்கில் இலத்திரனைக் கொடுக்கும், மின்னோட்டம் ஓடும். ஓர்கனோபொசுபரசு, காபமேற்று மருந்துகள் நொதியை முடக்குவதால் மின்னோட்டம் இறங்கும். எவ்வளவு இறங்கியது என்பதே கணக்கு, எந்த மருந்து என்று அது சொல்லாது. களைகொல்லி கிளைபோசேற்று இதில் அகப்படாது, உரத்திலிருந்து இறங்கும் நைத்திரேற்றும் அகப்படாது. மணல் நிலத்தில் உரம் போடுகிறவர் நைத்திரேற்றைத் தனியாகச் சோதிக்கத்தான் வேண்டும், கைக்குழந்தை இருக்கிற வீடென்றால் அதைத்தான் முதலில் பாருங்கள். போத்தலில் தண்ணீர் எடுக்கும்போது, கடைசியாக மருந்தடித்த திகதியையும் மருந்தின் பெயரையும் அதிலேயே எழுதி ஒட்டிவிடுங்கள்.