மச்சம் (மீன், இறைச்சி) விட்ட பிறகு முடி கொட்டுகிறது, களைப்பும் விடவில்லை: சைவம் ஒத்துவரவில்லையா?

சைவத்தைக் குற்றம் சொல்ல முதல், உங்கள் கடிதத்தின் கடைசி வரியில் நீங்கள் போகிற போக்கில் எழுதிய அந்தக் காய்ச்சலைப் பார்ப்போம். கந்தசஷ்டியோடு மீன், முட்டை, இறைச்சி எல்லாம் விட்டீர்கள், நாலு மாதத்தில் ஆறு கிலோ குறைந்தீர்கள், மார்கழி மழைக்குள் ஒரு வாரம் காய்ச்சலில் கிடந்தீர்கள், இப்போது தலை இழுத்தால் சீப்பு நிறைய முடி, மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது. இவ்வளவுக்கும் வீட்டுக்காரர் சொல்கிற ஒரே மருந்து "திரும்ப மீனைச் சாப்பிடு".

நான் மருத்துவர் இல்லை. திருகோணமலையில் ஒரு தனியார் ஆய்வுகூடத்தில் இரத்தம் எடுக்கிற ஆள், அதனால் இந்தக் கதையை நாற்காலியில் கையை நீட்டிக்கொண்டே சொல்கிறவர்களை நிறையப் பார்க்கிறேன்.

முடி உடனே கொட்டாது. உடம்புக்கு ஒரு பெரிய அடி விழுந்தால் (கடும் காய்ச்சல், பிள்ளைப்பேறு, சத்திரசிகிச்சை, மளமளவென்று எடை குறைவது) வளர்ந்துகொண்டிருக்கிற முடியில் ஒரு பெரிய பங்கு வளர்ச்சியை நிறுத்திவிட்டு ஓய்வுக்குப் போய், இரண்டு மூன்று மாதம் கழித்துத்தான் கொத்தாக விழும். டெலோஜன் எஃப்ளூவியம் என்று ரிப்போர்ட்டில் எழுதுவார்கள். டெங்குக் காலம் முடிந்து மாசி, பங்குனியில் முடி கொட்டுகிறது என்று வருகிறவர்களில் மூன்று வேளையும் மீன் சாப்பிடுகிறவர்களும் இருக்கிறார்கள். உங்களுக்குக் காய்ச்சலும் எடைக் குறைவும் இரண்டும் சேர்ந்து வந்திருக்கின்றன, கணக்கும் சரியாகப் பொருந்துகிறது. இப்படிக் கொட்டுவது பெரும்பாலும் ஆறு மாதத்துக்குள் தானாகவே நிற்கும், வேர் சாகாது. அங்கங்கே வட்டமாகச் சொட்டை விழுந்தால் மட்டும் அது வேறு விஷயம், தோல் மருத்துவரிடம் போங்கள்.

ஆனால் களைப்பை அந்தக் காய்ச்சல் கணக்கிலேயே எழுதிவிட்டுச் சும்மா இருக்க வேண்டாம்.

நம் ஊரில் மச்சம் விட்டவர்களின் தட்டைப் பாருங்கள். சோறு, தண்ணியாகப் பருப்பு, கத்தரிக்காய்ப் பால்கறி, பப்படம். மீன் இருந்த இடத்தில் பப்படம் வந்து உட்கார்ந்திருக்கிறது! நூறு கிராம் சூரை மீனில் இருபது கிராமுக்கு மேல் புரதம் இருக்கும். ஐம்பது கிலோ எடையுள்ளவருக்கு நாளொன்றுக்குக் குறைந்தது நாற்பது கிராமாவது வேண்டும், அதைச் சொதியும் சம்பலும் தராது. அவித்த கடலையோ பயறோ கௌபியோ ஒரு கோப்பை நிறையச் சாப்பிட்டால் பதினாலு கிராம் வரை கிடைக்கும். தாளித்துச் சாப்பிடுங்கள், ஒரு கரண்டி அல்ல, கோப்பை. சோயா மீற் பிடித்தால் அதுவும் நல்லது. மூதூர், கிண்ணியாப் பக்கத்து எருமைத் தயிர் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும்போது தயிர் சாப்பிடாமல் இருப்பதற்கு எனக்கு ஒரு காரணமும் தெரியவில்லை.

அப்புறம் இரும்புச் சத்து. கீரையிலும் பயறிலும் உள்ள இரும்பை உடம்பு மீனில் உள்ளதைப்போல இலகுவாக எடுத்துக்கொள்ளாது, தேசிக்காய்ப் புளியோ கொய்யாப்பழமோ கூடச் சேர்ந்தால் கொஞ்சம் நன்றாக எடுக்கும், சாப்பிட்ட கையோடு ஒரு பிளேன்டீ குடித்தால் அதில் பாதியையும் கெடுத்துவிடும். தேத்தண்ணியை விடச் சொன்னால் நீங்கள் என்னோடு சண்டைக்கு வருவீர்கள், ஒரு மணி நேரம் தள்ளிக் குடியுங்கள், போதும்.

பரிசோதனைக்கு வருகிறவர்கள் முழு இரத்தப் பரிசோதனையோடு நிறுத்திவிடுகிறார்கள், ஹீமோகுளோபின் 12 என்று வந்ததும் இரத்தம் நல்லாயிருக்கு என்று போய்விடுகிறார்கள். சேமிப்பில் உள்ள இரும்பைக் காட்டுவது பெரிட்டின். ஹீமோகுளோபின் இறங்கும் முன்பே அது காலியாகிவிடும். 15க்குக் கீழே என்றால் குறைபாடு, 30க்குக் கீழே என்றாலே பல மருத்துவர்கள் மருந்து தொடங்குவார்கள். காய்ச்சலோ அழற்சியோ இருக்கும்போது பெரிட்டின் பொய்யாகக் கூடிக் காட்டும், அதனால் உடம்பு சுகமான நேரத்தில் செய்யுங்கள். கூடவே தைரொயிட்டுக்கு டீஎஸ்எச் என்ற பரிசோதனையும் செய்யுங்கள். பார்க்காமல் கடையில் இரும்பு மாத்திரை வாங்கிப் போடாதீர்கள்: சிவப்பணு சிறிதாக இருப்பது இரும்புக் குறைவால்தான் என்றில்லை, தலசீமியா என்ற பரம்பரை இரத்தக் குறைபாட்டின் கூறு உள்ளவர்களுக்கும் அப்படித்தான் வரும், இலங்கையில் அது அரிதும் இல்லை.

மீன், இறைச்சி, பால் போன்றவற்றில் கிடைக்கிற விட்டமின் பி12 பற்றிக் கேட்டிருந்தீர்கள். ஈரலில் சில வருடத்துக்கான சேமிப்பு இருக்கும், நாலு மாதத்தில் முடியாது. நீங்கள் நீரிழிவுக்கு மெட்ஃபோமின் எடுக்கிறவர் என்றாலோ, கைகால் விறைப்பு இருந்தாலோ இப்போதே பாருங்கள். தொடர்ந்து சைவமாக இருப்பதென்றால் பாலும் தயிரும் வழமையாக இருக்க வேண்டும், அதுவும் வேண்டாம் என்றால் மாத்திரைதான், ஸ்பிருலினாவை நம்பாதீர்கள், அதில் இருப்பது பெரும்பாலும் உடம்புக்கு உதவாத போலி பி12.

முடிக்கென்று வாங்கிய பயோட்டின் மாத்திரையை இரத்தம் கொடுப்பதற்கு இரண்டு நாளாவது முன்பே நிறுத்துங்கள். தைரொயிட் முடிவைத் தாறுமாறாக்கிவிடும், எங்களுக்கும் தெரியாது, மருத்துவருக்கும் தெரியாது, சொன்னால்தான் உண்டு.

திரும்ப மீன் சாப்பிட வேண்டுமா என்பது உங்கள் விருப்பம், முடிக்காகச் சாப்பிட வேண்டிய கட்டாயம் இல்லை. மாதவிடாய் அதிகமாகப் போகிறதா என்று மட்டும் நீங்கள் எழுதவில்லை. அப்படியென்றால் இரும்பு குறைவதற்கு அதுவே பெரிய காரணமாக இருக்கலாம், மருத்துவரிடம் முதலில் அதைச் சொல்லுங்கள்.