சினிமாச் சாட்டை: 1,200 ரூபாய்ச் சாட்டை ஏன் சொடுக்க மாட்டேன் என்கிறது?

கேள்வி: சார், ஒரு குறும்படம் எடுக்கிறோம், 1930-களில் நடக்கிற கதை. ஜமீன் ஆள் ஒருவன் சாட்டையைச் சொடுக்கி அகல் விளக்கை அணைக்கிறான், அடுத்த ஷாட்டில் ஒருவர் மணிக்கட்டில் சாட்டையைச் சுற்றி இழுக்கிறான். ஆன்லைனில் 1,200 ரூபாய்க்கு ஒரு தோல் சாட்டை வாங்கினோம், எவ்வளவு வீசினாலும் சத்தமே வரவில்லை. ஹாலிவுட்டில் பயன்படுத்துகிற கங்காரு தோல் சாட்டையின் விலையைப் பார்த்தால் எங்கள் மொத்த பட்ஜெட்டே போய்விடும் போலிருக்கிறது. கங்காரு தோல் கட்டாயமா? இங்கேயே செய்யச் சொல்ல முடியாதா? - உதவி இயக்குநர், சாலிகிராமம்

பதில்: தம்பி, நீங்கள் வாங்கியதைக் கையில் பார்க்காமலேயே அது எப்படி இருக்கும் என்று சொல்கிறேன், சரியா என்று பாருங்கள். கைப்பிடி மரக்கட்டை, அதற்கும் வாருக்கும் நடுவே ஒரு இரும்பு வளையம் இருக்கும். அந்த இடத்தில் சாட்டை கதவுக் கீல் மாதிரி படக்கென்று மடங்கும். வார் ஆரம்பத்தில் என்ன கனமோ கிட்டத்தட்ட அதே கனத்தில்தான் முடிவு வரைக்கும் போகும். ஒரு இடத்தில் பின்னலைப் பிரித்தால் உள்ளே பழைய துணியோ சணல் கயிறோ தெரியும். அது சுவரில் மாட்டி வைக்கச் செய்த பொருள், உங்கள் ஆள் வருஷம் முழுக்க வீசினாலும் சொடுக்காது.

காரணம் தோல் இல்லை, உள்ளே இருக்கிற உடம்பு. கைப்பிடியிலிருந்து நுனி வரைக்கும் சாட்டை கொஞ்சம் கொஞ்சமாக மெலிந்துகொண்டே போக வேண்டும். கையை வீசியதும் ஒரு வளையம் உண்டாகி அது வார் வழியே ஓடும். முன்னே போகப் போக ஆட்ட வேண்டிய எடை குறைவதால் கையில் கொடுத்த அதே ஆற்றல் கடைசியில் மெல்லிய நூலில் போய்ச் சேர்ந்து அதைப் பயங்கர வேகத்தில் உதறுகிறது. அறை வெப்பத்தில் ஒலியின் வேகம் வினாடிக்குச் சுமார் 343 மீட்டர், அதாவது மணிக்கு 1,200 கிலோமீட்டருக்கும் மேல். நுனி அந்த வேகத்தைத் தாண்டுவதால் வரும் சத்தம்தான் அது என்று ரொம்ப காலம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஆனால் வேகக் கேமராவில் பிடித்துப் பார்த்தபோது, சத்தம் கேட்கிற நொடியில் நுனி ஒலியைப் போல இரண்டு மடங்கு வேகத்தில் இருந்தது, கணக்கு இடித்தது. 2002-ல் அரிசோனா பல்கலைக்கழகத்தில் கோரியலி, மெக்மில்லன் என்ற இரண்டு கணிதக்காரர்கள் இதைக் கணக்குப் போட்டுப் பார்த்து, ஒலி வேகத்தைத் தொட்டு அந்த வெடியை உண்டாக்குவது வளையம்தான், நுனி இல்லை என்று காட்டினார்கள். ஒலியை மிஞ்சிய வேகத்தில் ஜெட் விமானம் போகும்போது கேட்கிற அதே வெடிதான், சின்ன அளவில். உங்கள் சாட்டையில் அந்த வளையம் இரும்பு வளையத்தில் ஒரு தடவை முட்டி, தட்டையான வாரில் சோர்ந்து, பாதி வழியிலேயே செத்துவிடுகிறது.

அடுத்து கங்காரு. அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் டேவிட் மார்கன் என்று ஒரு சாட்டைக் கலைஞர். 1981, 1984, 1989 ஆண்டுகளில் வந்த முதல் மூன்று இண்டியானா ஜோன்ஸ் படங்களுக்கும் சாட்டை பின்னிக் கொடுத்தது அவர்தான். ஹாரிசன் ஃபோர்டு இடுப்பில் தொங்குகிற அந்த 10 அடிச் சாட்டை, கங்காரு தோலில் பன்னிரண்டு இழைப் பின்னல். உலகம் முழுக்கப் பிள்ளைகள் சாட்டை என்றால் அந்த உருவத்தையே நினைக்கும்படி ஆனதற்கு அந்த மனிதரின் விரல்களும் ஒரு காரணம். அவர் கங்காருவை எடுத்தது பந்தாவுக்காக இல்லை. மாட்டுத் தோலில் நார்கள் குறுக்கும் நெடுக்குமாக, மேலும் கீழுமாக ஓடும், மெல்லிசாகச் சீவினால் பலம் மொத்தமும் போய்விடும். கங்காரு தோலில் நார்கள் பெரும்பாலும் மேற்பரப்போடு படுத்தபடி ஓடுகின்றன, அதனால் காகிதம் மாதிரி சீவினாலும் இழுத்தால் அறுவதில்லை. பன்னிரண்டு இழையை விரல் கனத்துக்குள் அடக்கிப் பின்ன வேண்டுமென்றால் அந்தக் குணம் தேவை.

தேவை அவருக்கு, உங்களுக்கு இல்லை. தூரத்து ஷாட்டில் இழை பன்னிரண்டா எட்டா என்று எந்த லென்ஸும் எண்ணாது. கலிஃபோர்னியாவில் 2016-லிருந்து கங்காருப் பொருளை விற்கவே தடை இருக்கிறது, ஹாலிவுட்டின் சொந்த மாநிலத்திலேயே இந்தக் கதை என்றால் நீங்கள் ஏன் கவலைப்படுகிறீர்கள்?

பின்னுகிற வேலை எப்படிப் போகிறது என்று கொஞ்சம் சொல்கிறேன், அப்போதுதான் இங்கே செய்யக் கொடுக்கும்போது என்ன கேட்பது என்று தெரியும். முழுத் தோலை விரித்து ஓரத்திலிருந்து சுற்றிச் சுற்றி உள்நோக்கி வெட்டுவார்கள், ஆப்பிள் தோலை அறுபடாமல் சீவுகிற மாதிரி. கத்தி ஒரு கையில், மறு கையின் கட்டைவிரல் நகம்தான் அளவுகோல், நகத்துக்கும் கத்திக்கும் நடுவே இருக்கிற இடைவெளிதான் இழையின் அகலம். நுனிக்குப் போகப் போக அந்த இடைவெளியை மயிரிழை மயிரிழையாகக் குறைத்துக்கொண்டே வர வேண்டும். வெட்டிய இழையை இழுத்து நீட்டி, நீண்டதால் ஒல்லியான இடத்துக்கு ஏற்ப மறுபடி அகலம் சரிசெய்து, ஓரங்களைச் சாய்வாகச் சீவுவார்கள். சாய்வாகச் சீவாவிட்டால் பின்னல் பனை ஓலைப் பெட்டி மாதிரி மேடு பள்ளமாக நிற்கும். நடுவில் ஒரு தோல் வாரை வைத்து, அதன்மேல் நாலு இழையில் ஒரு பின்னல், அதன்மேல் ஒரு தோல் உறை, அதன்மேல் இன்னொரு பின்னல், மறுபடி உறை, எல்லாவற்றுக்கும் மேலேதான் நாம் கண்ணால் பார்க்கிற பன்னிரண்டு இழை. ஒவ்வொரு அடுக்கும் வேறு வேறு தூரத்தில் முடியும், அதில்தான் மெலிவு வருகிறது. பின்னும்போது இழை வழுக்கி இறுக்கமாக உட்கார விலங்குக் கொழுப்பும் சோப்பும் தண்ணீரும் காய்ச்சிய ஒரு களிம்பைத் தடவுவார்கள். முடிந்ததும் இரண்டு பலகைக்கு நடுவே வைத்துச் சப்பாத்திக் கட்டை உருட்டுகிற மாதிரி உருட்டி உருண்டையாக்குவார்கள். நான் முதன்முதலில் பின்னிய ஆறு அடிச் சாட்டை முடிந்தபோது என் சுண்டுவிரலில் இரண்டு இடத்தில் தோல் கிழிந்திருந்தது, சாட்டை சுமாராகத்தான் சொடுக்கியது, அதைச் சொல்லாமல் விடக்கூடாது.

ஒன்று கேட்கலாமா? 1930-களின் ஜமீன் ஆள் கையில் அமெரிக்க மாட்டுச் சாட்டை எதற்கு? குட்டைக் கைப்பிடியும் பாம்பு மாதிரி நீண்ட வாரும் உள்ளதெல்லாம் அந்த ஊர்ப் பொருள். நம் ஊரில் வண்டிக்காரர் கையில் இருந்தது பிரம்போ மூங்கிலோ ஒரு குச்சி, அதன் நுனியில் கட்டிய வார், வாரின் முனையில் ஒரு குஞ்சம். பம்பரம் சுற்றுகிற கயிற்றுக்கும் நாம் சாட்டை என்றுதான் சொல்கிறோம், அந்த எளிமைதான் நம்முடையது. எம்.ஜி.ஆர். 1965-ல் 'எங்க வீட்டுப் பிள்ளை'யில் சாட்டையோடு நின்ற பிறகு நீளச் சாட்டை நம் சினிமாவுக்குச் சொந்தமாகிவிட்டது, அதை மறுக்கவில்லை. ஆனால் நீங்கள் காலம் பார்த்து உடை தைக்கிறவர்கள் என்றால் குச்சிச் சாட்டைதான் பொருந்தும். தொழில் ரீதியாகவும் அதுவே லாபம். ஆஸ்திரேலிய மேய்ச்சல்காரர்கள் வைத்திருக்கிற சாட்டையும் இதே வகை, தனிக் கைப்பிடி, அதில் தோல் வளையத்தால் கோத்த தனி வார். கைப்பிடி நீளமாக இருப்பதால் கையின் வீச்சு கூடி, புதிதாகக் கற்றுக்கொள்கிறவருக்குக்கூடச் சீக்கிரம் சத்தம் வந்துவிடும்.

ஆக, என் யோசனை இதுதான். நாலு அடி வார், ஒன்றேகால் அடிப் பிரம்புக் கைப்பிடி, எட்டு இழைப் பின்னல். பெரியமேட்டில் தோல் மொத்த வியாபாரிகளிடம் போய் ஆவாரம்பட்டை, கருவேலம்பட்டை மாதிரி மரப்பட்டையில் பதனிட்ட தோல் கேளுங்கள், குரோம் உப்பில் பதனிட்ட குரோம் தோல் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். குரோம் தோல் ரப்பர் மாதிரி இழுபடும், பின்னல் ஒரே வாரத்தில் தளர்ந்துவிடும். பட்டையில் பதனிட்ட தோல் நகத்தால் கீறினால் கோடு நிற்கும், வெட்டுமுகம் உள்ளே வரைக்கும் பழுப்பாக இருக்கும், குரோம் என்றால் நடுவில் நீலச்சாம்பல் தெரியும். உள் அடுக்குகளுக்குக் கன்றுத் தோல், மேல் பின்னலுக்கு ஆட்டுத் தோலில் முதுகுப் பகுதி. வயிற்றுப் பகுதி கொடுத்தால் வாங்காதீர்கள், அது தொளதொளவென்று நீளும். பின்னுவதற்கு, குதிரைச் சேணம் தைக்கிறவர் யாராவது கிடைத்தால் அதிர்ஷ்டம், இல்லையென்றால் கையால் செருப்புத் தைக்கிற நல்ல கைக்காரர் போதும். ஆனால் "சாட்டை வேண்டும்" என்று மட்டும் சொல்லிவிட்டு வராதீர்கள், மெலிவைக் காகிதத்தில் ஒன்றுக்கு ஒன்று அளவில் வரைந்து கொடுங்கள். முதல் ஒரு அடி கட்டைவிரல் கனம், நடுவில் சுண்டுவிரல் கனம், முடிவில் பென்சிலை விடச் சற்று மெல்லிசு. அளவு சொல்லும்போது ஒரு குழப்பம் வரும், கவனம். இந்த வகையில் வாரை மட்டும்தான் அளப்பார்கள், கைப்பிடி சேராது. குட்டைக் கைப்பிடி வகையில் கைப்பிடியின் அடியிலிருந்து பின்னல் முடியும் வரைக்கும் அளவு. இரண்டிலுமே பின்னல் முடிந்த பிறகு வருகிற ஒற்றை வாரும் அதன் நுனியில் கட்டுகிற நூல் குஞ்சமும் கணக்கில் வராது.

வந்ததும் கைப்பிடியைத் தரைக்கு இணையாகப் பிடித்துத் தொங்க விடுங்கள். வளைவு ஒரே சீராக இறங்க வேண்டும். எங்கேயாவது முழங்கை மாதிரி மடங்கினால் அந்த இடத்தில் உள் அடுக்கு தவறிப்போயிருக்கிறது, திருப்பிக் கொடுங்கள்.

பட்ஜெட் அதற்கும் இடம் கொடுக்காவிட்டால் நைலான். கூடாரக் கயிறு என்று விற்கிறார்களே, பாராசூட் கயிறு, அதில் பின்னியவை மலிவு, மழையில் நனைந்தாலும் கெடாது, அருமையாகச் சொடுக்கும். எடை பத்தாது என்பதால் உள்ளே சின்னச் சின்னப் பேரிங் குண்டுகளை வரிசையாக அடைப்பார்கள். கருப்பு அல்லது அடர் பழுப்பில் வாங்கினால் எட்டு அடிக்கு அப்பால் தோல் மாதிரியே தெரியும். க்ளோசப்புக்கு மட்டும் தோல் சாட்டை.

இப்போது அந்த மணிக்கட்டு ஷாட். தயவுசெய்து சொடுக்குகிற சாட்டையை எந்த மனிதர் மேலேயும் வீசாதீர்கள், எவ்வளவு பழகியவராக இருந்தாலும். எனக்குத் தெரிந்த ஒரு படப்பிடிப்பில் நடிகர் ஒருவர் "லேசாத்தான் வீசுவேன்" என்று வீசி, நின்றிருந்த லைட்பாயின் காது மடலில் பிளேடு போட்ட மாதிரி ஒரு கோடு விழுந்தது, அன்றைக்கு முழு நாள் வேலை போனது. இதற்கென்று இரண்டாவது சாட்டை தேவை. பார்க்க அதே மாதிரி, ஆனால் பருத்திக் கயிற்றில் பின்னிச் சாயம் போட்டது, நுனியில் நூல் கிடையாது. அதை மணிக்கட்டில் முதலிலேயே சுற்றி வைத்து, கேமரா ஓட, வெடுக்கென்று உருவுங்கள், எடிட்டிங்கில் பின்னிலிருந்து முன்னாக ஓட்டுங்கள். வந்து சுற்றிக்கொள்கிற மாதிரி இருக்கும். நடிகரைக் கொஞ்சம் பின்வாக்கில் நடிக்கச் சொல்ல வேண்டும், அவ்வளவுதான்.

அகல் விளக்கைச் சாட்டைக் காற்றில் அணைப்பது நிஜமாகவே முடியும், ஆனால் அது வருஷக்கணக்கில் பழகியவர் வேலை. 1992-ல் 'பேட்மேன் ரிட்டர்ன்ஸ்' படத்தில் கேட்வுமனாக நடித்த மிஷல் ஃபைஃபர், படப்பிடிப்புக்கு முன் ஆந்தனி டி லாங்கிஸ் என்ற சாட்டை மாஸ்டரிடம் பல மாதம் கற்றுக்கொண்டுதான் கடையில் நிற்கிற பொம்மைகளின் தலைகளை ஒரே டேக்கில் வரிசையாகத் தட்டிவிட்டார். உங்களிடம் பல மாதம் இல்லை. சாட்டை வீசுவதைத் தனியாக எடுங்கள், விளக்கின் க்ளோசப்பில் மெல்லிய ரப்பர் குழாயால் யாராவது ஊதட்டும். சத்தத்தை வெட்டவெளியில் தனியாகப் பதிவு செய்துகொள்ளுங்கள், மைக்கை ரொம்பப் பக்கத்தில் வைக்காதீர்கள், பதிவில் சத்தம் சிதறிவிடும்.

பழகுகிறவருக்கு முதல் இரண்டு வாரம் கண்ணாடி, தொப்பி, முழுக்கைச் சட்டை மூன்றும் கட்டாயம், ஏனென்றால் முதலில் அடி வாங்குவது அடுத்தவர் இல்லை, வீசுகிறவரின் காதும் கழுத்தும்தான். சாட்டை நீளம், கை நீளம், அதற்கு மேல் இன்னும் நாலு அடி, அந்த வட்டத்துக்குள் யாரும் நிற்கக்கூடாது. மேலே கரன்ட் கம்பி போகிறதா என்றும் பாருங்கள். வீசுவது தோள் பலத்தால் இல்லை. பலமாக வீசினால் வளையம் கலைந்துவிடும், பெயின்ட் பிரஷ்ஷிலிருந்து சொட்டை உதறுகிற மாதிரி நினைத்தால் போதும்.

சிமென்ட் தரையில் பழகினால் நுனிக் குஞ்சம் ஒரு மணி நேரம்கூடத் தாங்காது, மண்ணிலோ புல்லிலோ பழகுங்கள். குஞ்சம் எப்படியும் தேயத்தான் செய்யும். மீன்வலை நைலான் நூலை இரண்டாக மடித்து முறுக்கி, முனையில் ஒரு முடிச்சுப் போட்டு ஒரு இன்ச் பிரித்து விட்டால் புதுக் குஞ்சம் தயார், படப்பிடிப்புக்குப் போகும்போது பத்து செய்து ஆர்ட் அசிஸ்டென்ட் பையில் போட்டு வையுங்கள். வேலை முடிந்ததும் சாட்டையை ஈரத் துணியால் துடைத்து நிழலில் காயவிட்டு, தேனீ மெழுகு கலந்த தோல் களிம்பைத் துளி தொட்டுத் தடவித் தளர்வாகச் சுருட்டி வைக்கவும். பிளாஸ்டிக் கவரில் கட்டி வைத்தால் சென்னைப் புழுக்கத்துக்குப் பத்து நாளில் பூஞ்சை பிடித்துவிடும், தேங்காய் எண்ணெய் தடவினாலும் அதே கதைதான்.

அந்த 1,200 ரூபாய்ச் சாட்டையைத் தூக்கிப் போடாதீர்கள். ஜமீன் வீட்டுச் சுவரில் மான் கொம்புக்குப் பக்கத்தில் தொங்க விடுங்கள், செட்டுக்கு நன்றாக இருக்கும்.